கட்டிக்குள் வெள்ளணு நிறைய இருந்தால் நல்லதா?

கேள்வி, பாடாங் சிராய் வாசகர், 14 செப்டம்பர் 2025

எங்கள் நாய் ஜிம்மிக்கு ஒன்பது வயது. தோள்பட்டையில் சின்னதாக இருந்த கட்டி எலுமிச்சை அளவுக்கு வளர்ந்ததும் அறுத்து எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் வந்திருக்கிறது. மென்திசு சார்கோமா (நார், கொழுப்பு போன்ற மென்திசுவில் வரும் புற்று) என்று போட்டு, கீழே "கட்டியின் ஓரத்தில் லிம்ஃபோசைட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும் மிதமாகக் கூடியுள்ளன" என்று ஒரு வரி. வெள்ளணுக்கள் உள்ளே போய்ச் சண்டை போடுகின்றன, மிச்சம் மீதி இருந்தாலும் உடம்பே கரைத்துவிடும் என்று என் மச்சான் சொல்கிறார். நம்பலாமா?

14 செப்டம்பர், இரவு

நம்ப வேண்டாம் தம்பி. அந்த வரி கெட்ட செய்தியும் இல்லை, நல்ல செய்தியும் இல்லை. செல்கள் வந்திருக்கின்றன என்பது மட்டும்தான் தெரிகிறது. எந்த வகை செல், வந்து என்ன செய்கிறது என்பது அதில் இல்லை. ரிப்போர்ட்டில் வேறு மூன்று விஷயங்கள் இருக்கும், அவற்றைப் பார்த்து எழுதுங்கள்: தரம் எத்தனை (1 சாது, 3 மூர்க்கம்), செல் பிரிதல் எண்ணிக்கை எத்தனை, வெட்டிய விளிம்பில் புற்று செல் இருக்கிறதா.

நான் டாக்டர் இல்லை. சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு ஈப்போவில் விலங்கு நோய்களைப் பார்க்கும் ஆய்வகத்தில் சிலைடு போடும் வேலை செய்து ஓய்வு பெற்றவள். பார்த்து முடிவு சொல்வது நோயியல் டாக்டர். சீவிச் சாயம் போட்டு அவர் மேசைக்குக் கொண்டு போவது எங்கள் வேலை.

15 செப்டம்பர்

சிலைடில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் மச்சான் மாதிரி நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த நினைப்பு எங்கே வழுக்குகிறது என்பது சிலைடைப் பார்த்தால்தான் புரியும்.

ஃபார்மலினில் ஊறிய துண்டை மெழுகில் பதித்து, மைக்ரோடோமில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவோம். சீவல் ஒன்றோடொன்று ஒட்டி நாடா மாதிரி வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும். அந்த நேரத்தில் கண்ணாடியைச் சாய்த்து உள்ளே விட்டு ஏந்திக்கொள்ள வேண்டும். அப்புறம் ஹிமட்டாக்சிலின், ஈயோசின். செல்லின் கரு நீலமாகும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு.

மென்திசு சார்கோமா என்பது ஒரே நோய் இல்லை. நாரிலிருந்து வருவது, நரம்பு உறையிலிருந்து வருவது, கொழுப்பிலிருந்து வருவது, ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து வருவது என்று ஒரு குடும்பமே இருக்கிறது. நாய்களின் தோலிலும் தோலுக்கடியிலும் வரும் கட்டிகளில் சுமார் 15 சதவீதம் இந்தக் குடும்பம். செல்கள் இரு முனையும் கூர்ந்து நீளமாக, கற்றை கற்றையாக ஓடும். ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து வருவதில் செல்கள் குழாயைச் சுற்றிச் சுற்றி அடுக்கி, கட்டைவிரல் ரேகை மாதிரியே தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு லென்ஸை விட்டுக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

கற்றைகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் கரு நீலப் புள்ளிகள் தூவியது போல் கிடந்தால் அவை லிம்ஃபோசைட்டுகள். அவற்றைவிடப் பெரிதாய், வெளிறிய வயிறோடு இருப்பவை மேக்ரோஃபேஜ்கள். இதற்கு மேல் இந்தச் சாயம் பேசாது. லிம்ஃபோசைட்டில் டி செல், பி செல் என்று வகைகள் உண்டு. அந்த நீலப் புள்ளி டி செல்லா, பி செல்லா? டி செல் என்றால் கொல்லும் வகையா, கொல்ல வருபவனைத் தடுக்கும் வகையா? எல்லாம் ஒரே மாதிரி நீலம்தான். பிரித்துக் காட்ட வேண்டுமானால் எதிர்ப்பொருள் வைத்துத் தனியாகச் சாயம் போட வேண்டும். டி செல்லுக்கு சிடி3, பி செல்லுக்கு சிடி20, மேக்ரோஃபேஜுக்கு ஐபிஏ1, தடுக்கும் வகைக்கு ஃபாக்ஸ்பி3. வழக்கமான ரிப்போர்ட்டுக்கு இதையெல்லாம் செய்வதில்லை. செலவு ஒரு காரணம். சிகிச்சையை அது மாற்றாது என்பது இன்னொரு காரணம்.

16 செப்டம்பர்

பாடாங் சிராய் தம்பி தனிச்செய்தியில் அனுப்பியதை அவர் அனுமதியோடு இங்கே போடுகிறேன். ஜிம்மிக்குத் தரம் 1. செல் பிரிதல் 10 புலங்களில் 4 (லென்ஸில் ஒரு தடவைக்குத் தெரியும் பரப்புதான் ஒரு புலம்). விளிம்பு மூன்று பக்கம் சுத்தம், அடிப்பக்கம் மட்டும் புற்று செல் விளிம்பை ஒட்டி வந்திருக்கிறது. இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். முதலில் மேக்ரோஃபேஜ் கதையை முடித்துவிடுகிறேன்.

17 செப்டம்பர்

மேக்ரோஃபேஜைப் படைவீரன் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அதுதான் தொல்லை. அதற்கு இரண்டு வேலை. காலில் முள் கிழித்தால் முதலில் வந்து கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கும். சில நாளில் வேலையை மாற்றிக்கொண்டு புது ரத்தக் குழாய் முளைக்கவும் நார் படியவும் புண் மூடவும் உதவும். இரண்டாவது வேலையின்போது அது சண்டையை அடக்கி வைக்கும். புண் ஆறும் இடத்தில் சண்டை நடந்தால் புண் ஆறாது அல்லவா?

கட்டி செய்யும் தந்திரம் இதில்தான் இருக்கிறது. சமிக்ஞைகளை விட்டு மேக்ரோஃபேஜை வரவழைத்து, இரண்டாவது வேலையிலேயே நிறுத்தி வைத்துவிடும். வந்தது ரத்தக் குழாய் போட்டுக் கொடுக்கும், சுற்றியுள்ள திசுவைக் கரைத்து வழிவிடும், டிஜிஎஃப்-பீட்டா போன்ற பொருள்களைச் சுரந்து கொல்லும் டி செல்களை மந்தமாக்கும். கட்டிக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை 1863இலேயே ருடால்ஃப் விர்க்கோ கவனித்தார். ஹரோல்ட் ட்வோராக் 1986இல் புற்றுக் கட்டியை ஆறாத புண் என்று எழுதினார். அவை அங்கே நின்று யாருக்கு வேலை செய்கின்றன என்பது விளங்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஆக, ஜிம்மியின் ரிப்போர்ட்டில் மேக்ரோஃபேஜ் கூடியிருக்கிறது என்றால் யார் பக்கம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். நாய்களில் இரண்டாவது வகை மேக்ரோஃபேஜைக் காட்ட சிடி204 என்ற சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆய்வுக்குச் செய்வார்கள், தினசரி ரிப்போர்ட்டுக்கு இல்லை.

19 செப்டம்பர்

ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "அப்படியென்றால் எதிர்ப்பு செல்களே புற்றை உண்டாக்குமா?"

தனியாக உண்டாக்காது. ஆனால் வருடக்கணக்கில் ஆறாத அழற்சி இருந்தால் அதில் பங்கு உண்டு. நாய்களிலேயே நேரடி உதாரணம் இருக்கிறது. ஸ்பைரோசெர்க்கா லூப்பை என்ற புழு. வெப்ப நாடுகளில் சாணி வண்டுக்குள் வளர்ந்து, வண்டைத் தின்ற நாயின் வயிற்றிலிருந்து ரத்தக் குழாய்ச் சுவர் வழியே ஊர்ந்து, உணவுக்குழாயில் போய் முடிச்சாகத் தங்கும். அந்த முடிச்சைச் சுற்றி வெள்ளணுக்கள் விடாமல் கூடிக் கிடக்கும். சில நாய்களில் அதே முடிச்சு நாளடைவில் சார்கோமாவாக மாறிவிடுகிறது. மாடு வளர்க்கும் தோட்டங்களில் நாய் சாணியைக் கிளறுவதைப் பார்த்தால் எனக்கு இந்தப் புழு நினைவுதான் வரும். சாப்பிட்டதை அடிக்கடி எதிர்க்களித்துக் கக்கும் நாய்க்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான்.

பூனைகளிலும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சார்கோமா வருவதை 1991இல் அமெரிக்காவில் கவனித்து எழுதினார்கள். அங்கேயும் அழற்சியைத்தான் சந்தேகிக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வெறிநாய்க்கடி ஊசியை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

23 செப்டம்பர்

பெலாலாய் காஜா இலைச் சாறு கொடுத்தால் எதிர்ப்பு சக்தி கூடும், கத்தியே வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நான் கோபமில்லாமல் பதில் சொல்ல முடியாது. எங்கள் தாமானில் ஒரு வீட்டில் அதைத்தான் செய்தார்கள். நல்ல மனிதர்கள், நாயின் மேல் உயிர். தினமும் காலையில் இலை அரைத்து, சிரிஞ்சில் கடைவாய் வழியாக ஊற்றினார்கள். தொடையில் இருந்த கட்டி அப்போது தோலோடு அசையும் அளவில்தான் இருந்தது. அந்த நிலையில் அறுத்திருந்தால் கால் தப்பியிருக்கும். அசையாமல் எலும்போடு இறுகிய பிறகுதான் கொண்டு போனார்கள்.

"எதிர்ப்பு சக்தி கூடும்" என்ற பேச்சே இங்கே பொருந்தாது. எந்தச் செல்லைக் கூட்டுவது? கொல்லும் டி செல் கூடினால் நல்லது, தடுக்கும் டி செல் கூடினால் கட்டிக்கு நல்லது. மொத்தமாக ஏற்றிவிடும் குழாய் எதுவும் உடம்பில் இல்லை. இலை வேண்டுமானால் கொடுங்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். கத்திக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

27 செப்டம்பர்

பிளாக்கியைப் பற்றிச் சொல்லும்படி இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

பிளாக்கி நாங்கள் வளர்த்த தோட்டத்து நாய். அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில் எங்கள் லயத்தில் இருந்த நாய்களின் வம்சம் என்று அம்மா அடித்துச் சொல்வார். அவை விடியற்காலையில் பெரட்டுக்கே (ஆள் கணக்கெடுப்புக்கே) ஆட்களோடு கிளம்பிவிடும், வாளிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும், பன்றி வந்தால் மட்டும் எழும். பிளாக்கிக்கு விலாவில் கட்டி வந்தது. முதலில் போன கிளினிக்கில் இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுக் கொழுப்புக் கட்டி, விட்டுவிடுங்கள் என்றார்கள். ஊசியால் செல்லை உறிஞ்சி எடுத்துப் பாருங்கள் என்றேன். தேவையில்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். விரலுக்குக் கொழுப்பும் சார்கோமாவும் ஒன்றுபோலவே படும். ஆய்வகத்தில் "கொழுப்பு என்று சந்தேகம்" என்று எழுதி வந்த ஜாடிகளில் எத்தனை சார்கோமா கண்டிருக்கிறோம்! எனக்கு அந்த இரவு தூக்கமே இல்லை.

வேறு டாக்டரிடம் போனோம். அவர் ஊசியால் உறிஞ்சிப் பார்த்தார். வந்தது ரத்தமும் ஒன்றிரண்டு செல்லும்தான். சார்கோமா அப்படித்தான், நாரோடு இறுகி இருப்பதால் ஊசிக்குச் செல் சுலபத்தில் உதிராது. ஒன்றும் வரவில்லை, ஆகவே ஒன்றும் இல்லை என்று அவர் முடிவு கட்டவில்லை. சின்னதாக ஒரு துண்டு எடுத்து அனுப்பினார். அவருக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். தரம் 2 என்று வந்தது.

பிறகு அறுவை. கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டர் நல்ல திசுவோடும், அடியில் ஒரு தசை உறையோடும் எடுத்தார். முட்டை அளவு கட்டிக்கு இவ்வளவா என்று என் தம்பி மலைத்துப் போனான். காரணம் இருக்கிறது. சார்கோமாவைச் சுற்றி ஒரு பை தெரியும், அதோடு உரித்து எடுத்தால் அழகாக வந்துவிடும். அந்தப் பை நிஜப் பை இல்லை. கட்டி வளரும்போது நசுங்கிய செல்கள்தான் அப்படிப் படிந்து கிடக்கின்றன, அவற்றில் புற்று செல்களும் உண்டு. அதற்கு வெளியேயும் நூல் நூலாகப் புற்று ஓடியிருக்கும்.

பிளாக்கி கழுத்துக் கூம்பை ஒரு நாள்கூட ஒழுங்காகப் போடவில்லை. அண்ணனின் பழைய டி-சட்டையை முன்னங்காலில் நுழைத்து முதுகில் முடிச்சுப் போட்டுவிட்டோம். தையல் பிரியவில்லை. கட்டி திரும்பி வரவில்லை. கிழடாகி, சிறுநீரகம் கெட்டுத்தான் போனான்.

28 செப்டம்பர்

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பிளாக்கியின் கட்டியிலும் வெள்ளணுக்கள் இருந்தன, ஓரத்தில் நல்ல நீலக் கோடு மாதிரி. அவன் பிழைத்தது அவற்றால் என்று நான் சொல்லமாட்டேன். அவன் கட்டியில் ஒரு செல் மிஞ்சாமல் கத்தி எடுத்திருக்கலாம். மிஞ்சிய ஒன்றிரண்டை டி செல் முடித்திருக்கவும் கூடும். ஒரு நாயை வைத்து இதைப் பிரிக்க முடியாது. யாராவது தங்கள் நாயை வைத்துப் பிரித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

7 அக்டோபர்

நேற்றைய நோபல் அறிவிப்பைப் பார்த்தீர்களா? மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி. நான் மேலே தடுக்கும் டி செல் என்று சொல்லி வந்தேனே, அதற்குத்தான். சகாகுச்சி 1995இல் எலிகளில் அந்த வகையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பிரன்கோவும் ராம்ஸ்டெலும் 2001இல் உடம்பெல்லாம் புண்ணாகிச் சாகும் ஒரு வகை எலியை ஆராய்ந்து, கெட்டுப்போன மரபணு எது என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் ஃபாக்ஸ்பி3. அது இல்லாவிட்டால் தடுக்கும் செல் உருவாகாது, எதிர்ப்பு செல்கள் சொந்த உடம்பையே தாக்கும்.

இந்தச் செல் இல்லாமல் நாம் யாரும் உயிரோடு இருக்க முடியாது. அதே செல் கட்டிக்குள் கூட்டமாகப் போய் உட்கார்ந்துவிட்டால் கொல்லும் செல்லின் கையைக் கட்டிவிடும்.

மென்திசு சார்கோமா நாய்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற பழைய புற்று மருந்து இருக்கிறது. அதை அதிக அளவில் கொடுத்தால் பிரியும் செல்களைக் கொல்லும். மிகக் குறைந்த அளவில் விடாமல் தொடர்ந்து கொடுத்தால் வேறு வேலை செய்கிறது. சார்கோமா நாய்களில் தடுக்கும் டி செல்கள் குறைவதையும் கட்டிக்குள் ரத்தக் குழாய்கள் குறைவதையும் 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதற்கு முன் 2008இல், கட்டியை முழுதாக எடுக்க முடியாமல் போன 85 நாய்களைப் பார்த்தார்கள். இந்த மருந்தையும் பைராக்சிகாம் என்ற அழற்சி குறைக்கும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்த நாய்களுக்கு, கொடுக்காதவற்றைவிடக் கட்டி திரும்புவது தள்ளிப்போனது.

மாத்திரைதானே என்று யாரும் தாங்களாகத் தொடங்கிவிட வேண்டாம். சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தமாகப் போகும், அது ஆறுவது கஷ்டம். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் மாத்திரையையும் நாயின் மூத்திரத்தையும் தொடவே கூடாது.

11 அக்டோபர்

தம்பி, விளிம்பு விஷயத்துக்கு வருகிறேன், காத்திருந்ததற்கு நன்றி.

தரம் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மூன்றைக் கூட்டுவார்கள். செல் எவ்வளவு தூரம் தன் மூலத் திசுவின் சாயலை இழந்திருக்கிறது என்பதற்கு 1 முதல் 3. செல் பிரிதல் 10 புலங்களில் 0 முதல் 9 என்றால் 1, 10 முதல் 19 என்றால் 2, அதற்கு மேல் 3. செத்துப்போன பகுதி இல்லாவிட்டால் 0, பாதிவரை 1, பாதிக்கு மேல் 2. கூட்டினால் 3 வரை முதல் தரம், 4, 5 இரண்டாம் தரம், 6ம் அதற்கு மேலும் மூன்றாம் தரம். எதிர்ப்பு செல்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அடிப்பக்கம் ஒட்டி வந்தது கவலைதான், ஆனால் தரம் 1 என்பது பெரிய ஆறுதல். 2009இல் வந்த ஆய்வு இதைத்தான் பார்த்தது, தோலுக்கடியில் உள்ள கட்டியை ஓரத்தை ஒட்டி எடுத்தால் திரும்பி வருமா என்று. முதல் தரத்தில் 7 சதவீதம் திரும்பியது, இரண்டாம் தரத்தில் 34, மூன்றாம் தரத்தில் 75. மூன்றாம் தரத்தில் இருந்தவை நாலே நாய்கள், ஆகவே அந்த 75ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் இரண்டு எண்கள் உறுதியானவை.

திரும்ப வெட்டுவதா, பார்த்துக்கொண்டிருப்பதா என்பது உங்கள் டாக்டரும் நீங்களும் பேசி எடுக்கும் முடிவு. நானாக இருந்தால் தழும்பை மாதம் ஒருமுறை குளிப்பாட்டும்போது விரலால் நீளவாக்கில் தடவிப் பார்ப்பேன். அரிசி அளவு உருண்டை பட்டாலும் கொண்டு போவேன். நுரையீரல் எக்ஸ்ரே ஒன்று இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும். இந்தக் குடும்பத்துப் புற்று பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். முதல் இரண்டு தரங்களில் பரவுவது குறைவு, மூன்றாம் தரத்தில் அதிகம்.

18 அக்டோபர்

தீபாவளிக்கு இரண்டு நாள். பட்டாசு தொடங்கிவிட்டது, தெரு நாய்கள் எல்லாம் எங்கள் பின்வாசல் வாழைக்கடியில். அவற்றில் ஒரு பெட்டைக்குப் பின்னால் ரத்தம் சொட்டுகிறது. பக்கத்து வீட்டு அத்தை உஷ்ணம் என்றார். எனக்கு அந்தக் காலிஃபிளவர் மாதிரித் துருத்திய சதையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. விடுமுறை முடிந்ததும் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இது நாய்க்கு நாய் தொற்றும் புற்று. கிருமி தொற்றுவது இல்லை, புற்று செல்லே தொற்றுகிறது. புணரும்போதும் நக்கும்போதும் முகரும்போதும் ஒரு நாயின் கட்டிச் செல் உயிரோடு இன்னொரு நாயில் போய் ஒட்டி வளர்கிறது. பல ஆயிரம் வருடத்துக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் செல்தான் இன்றுவரை உலகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 1876இல் நோவின்ஸ்கி என்ற ரஷ்ய விலங்கு மருத்துவர் இதை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டி வளர்த்துக் காட்டினார்.

அந்நிய நாயின் செல்லை உடம்பு ஏன் விட்டுவைக்கிறது? நான் யார் என்று காட்டும் அடையாளப் புரதங்களைக் கட்டி மேற்பரப்பிலிருந்து எடுத்துவிடுகிறது, கூடவே டிஜிஎஃப்-பீட்டாவைச் சுரந்து டி செல்லை மயக்குகிறது. மேலே மேக்ரோஃபேஜ் பற்றிச் சொன்னபோது வந்த அதே பொருள். ஆனால் இதில் கதை அங்கே நிற்பதில்லை. சில நாய்களில் ஒரு கட்டத்தில், உள்ளே புகுந்த லிம்ஃபோசைட்டுகள் ஐஎல்-6 என்ற சமிக்ஞையை நிறையச் சுரந்து டிஜிஎஃப்-பீட்டாவை மடக்கிவிடுகின்றன. அடையாளப் புரதம் மறுபடி மேலே வருகிறது, கட்டி தானாகச் சுருங்குகிறது. அப்படிக் குணமான நாய்க்குப் பெரும்பாலும் மறுபடி தொற்றுவதில்லை.

தம்பியின் மச்சான் சொன்னது நடக்கும் இடம் இதுதான். உடம்பே கரைத்துவிடுகிறது. ஆனால் இந்தக் கட்டியைச் சாதாரண சார்கோமாவோடு சேர்க்கக் கூடாது. இது வேறு நாயின் செல், உடம்புக்கு அந்நியம். ஜிம்மியின் கட்டி ஜிம்மியின் சொந்த செல். சொந்தத்தை அந்நியமாகப் பார்க்க வைப்பதுதான் கடினம்.

25 அக்டோபர்

அந்தப் பெட்டைக்கு வின்கிரிஸ்டின் முதல் ஊசி போட்டாகிவிட்டது. வாரம் ஒன்று. இந்தக் கட்டி அதற்கு நன்றாகவே கரையும். அத்தை 50 வெள்ளி கொடுத்தார், மறுத்தால் கோபித்துக்கொள்வார் என்று வாங்கிக்கொண்டேன்.

2 நவம்பர்

"புண்ணில் சீழ் வைத்தால் எதிர்ப்பு செல் ஓடி வந்து புற்றையும் சேர்த்து அழிக்கும் என்று வெள்ளைக்காரன் கண்டுபிடித்தான், தையல் சீழ் பிடித்தால் விட்டுவிடலாம்" என்று ஒருவர் போட்டிருக்கிறார். அதில் முதல் பாதிக்கு மட்டும் ஒரு அடிப்படை உண்டு.

நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, அக்கி போன்ற தோல் தொற்று வந்தபின் சார்கோமா மறைந்துபோன ஒரு நோயாளியைப் பற்றி அறிந்து, 1891 முதல் புற்று நோயாளிகளுக்குக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். முதலில் உயிருள்ள கிருமி, அது ஆபத்தானதால் பிறகு கொன்ற கிருமி. சிலருக்குக் கட்டி சுருங்கியது. நாய்களில் எலும்புப் புற்றுக்குக் காலை வெட்டாமல் எலும்பை மாற்றி வைக்கும் அறுவையில், அந்த இடம் தொற்றுப் பிடித்த நாய்கள் பிடிக்காதவற்றைவிட நீண்ட நாள் வாழ்ந்தன என்று 2005இல் எழுதினார்கள்.

இரண்டிலும் மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தார்கள், மருந்து இருந்தது. வீட்டுத் திண்ணையில் சீழ் பிடித்த தையலோடு கிடக்கும் நாய்க்கு அந்தச் சீழ் ரத்தத்தில் ஏறினால் மூன்று நாளில் முடிந்துவிடும். சீழ் கண்டால் அன்றைக்கே கொண்டு போங்கள்.

9 நவம்பர்

இரண்டு வாரமாக மழை. வெளியே போக முடியாமல் படித்ததில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

மனிதர்களின் மென்திசு சார்கோமாவில் 600க்கு மேற்பட்ட கட்டிகளை எதிர்ப்பு செல்களை வைத்து ஐந்து வகையாகப் பிரித்து 2020இல் ஆய்வு வெளியிட்டார்கள். எல்லாரும் கொல்லும் டி செல்லையே பார்த்துக்கொண்டிருக்க, நோயாளி நீண்ட நாள் வாழ்வதோடு அதிகம் பொருந்தியது பி செல். அதுவும் தனித்தனியாகத் தூவிக் கிடக்கும் பி செல் இல்லை. கட்டிக்குள்ளேயே சின்ன நிணநீர் முடிச்சு மாதிரித் திரண்டு, டி செல்லோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இடங்கள். பிடி-1 என்பது டி செல்லின் மேல் இருக்கும் பிரேக் மாதிரி. அந்த வகைக் கட்டி உள்ளவர்களுக்கே அதைத் தடுத்து டி செல்லை வேலை செய்யவிடும் பிடி-1 தடுப்பு மருந்தும் நன்றாகக் கேட்டது.

15 செப்டம்பரில் எதிர்ப்பு செல்லின் வகை முக்கியம் என்றேன். இப்போது அதோடு உட்கார்ந்திருக்கும் விதமும் முக்கியம் என்று சேர்க்கிறேன். அந்தத் திரள் சாதாரண நீலச் சாயத்திலேயே உருண்டையாகத் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் அப்படிப்பட்ட உருண்டைகளை நாய்க் கட்டிகளிலும் பார்த்திருக்கிறேன். பழைய தொற்றாக இருக்கும் என்று கடந்து போவோம். இப்போது கையில் அந்தச் சிலைடுகள் இருந்தால் ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி பார்ப்பேன்.

10 நவம்பர்

நாய்களுக்கு அப்படி மருந்து வந்துவிட்டதா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் வாய் மெலனோமாவுக்கு (நிறமிச் செல்லில் வரும் புற்று) ஒரு தடுப்பூசி 2010இல் முழு உரிமம் பெற்றது. பிடி-1ஐத் தடுக்கும் கில்வெட்மேப் 2023இல் மாஸ்ட் செல் கட்டிக்கும் (நாய்களின் தோலில் வரும் இன்னொரு புற்று) மெலனோமாவுக்கும் நிபந்தனை உரிமம் பெற்றது. குவீன்ஸ்லாந்து மழைக்காட்டு மரத்தின் விதையிலிருந்து எடுத்த டிகிலனால் டிக்லேட் 2020இல் மாஸ்ட் செல் கட்டிக்கு வந்தது. கட்டிக்குள்ளேயே ஊசியாகப் போடுவார்கள், வெள்ளணுக்கள் பாய்ந்து வந்து கட்டி அழுகி உதிரும். மூன்றிலும் மென்திசு சார்கோமாவின் பெயர் இல்லை. ஜிம்மி போன்ற நாய்க்கு இன்றைக்கும் முதல் மருந்து முதல் அறுவைதான். முதல் அறுவையில் விட்டதை இரண்டாவதில் பிடிப்பது கஷ்டம், தழும்பும் புற்றும் கலந்து எல்லை தெரியாமல் போய்விடும்.

16 நவம்பர்

பாடாங் சிராய் தம்பி எழுதியிருக்கிறார். எக்ஸ்ரே சுத்தம். டாக்டரோடு பேசி அடிப்பக்கத்தை மட்டும் மறுபடி வெட்டி எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறார்கள், அடுத்த வியாழன். நல்ல முடிவு தம்பி. தரம் 1க்குப் பார்த்துக்கொண்டிருப்பதும் தவறில்லை. ஆனால் தோள்பட்டையில் இன்னும் தசை இருக்கும்போதே, தழும்பு புதிதாக இருக்கும்போதே செய்வது நல்லது.

அனுப்பும்போது கவனிக்க வேண்டியதைக் கேட்டிருந்தீர்கள். எடுத்த துண்டை நறுக்காமல் முழுசாகப் போட வேண்டும். துண்டு ஒரு பங்கு என்றால் ஃபார்மலின் பத்துப் பங்கு. வாய் அகலமான ஜாடி, குறுகிய வாயில் திணித்த துண்டு விறைத்தபின் வெளியே வராது, உடைத்துத்தான் எடுத்திருக்கிறோம். அடிப்பக்கம் எது என்று மை தடவி, தலைப்பக்கம் எது என்று ஒரு நூல் முடிச்சுப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெயரை மூடியில் எழுத வேண்டாம், ஜாடியின் மேல் எழுதச் சொல்லுங்கள். மூடி மாறிப்போகும். முதல் ரிப்போர்ட்டின் நகலையும் கூடவே வையுங்கள். சிலைடைப் பார்ப்பவர் இரண்டையும் ஒப்பிட வேண்டும். எதிர்ப்பு செல்கள் உருண்டையாகத் திரண்டிருக்கின்றனவா என்றும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள், நேரம் இருந்தால் பார்த்துச் சொல்வார்.